அம்ப்ளிஃபையருக்கும் (அம்ப்) ஸ்பீக்கருக்கும் பொருத்தம் பாக்கிறது: அடிக்கடி கேக்கிற கேள்விகள்

மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பத்து, எங்க போனாலும் வீட்டுக்கு செட் ஒண்டு சேர்க்கிற ஆக்கள் கேக்கிற சந்தேகம் திரும்பத் திரும்ப ஒண்டாத்தான் இரிக்கு. அதுகள அவங்க கேட்ட மாதிரியே எழுதி, கீழ பதில் போட்டிருக்கன். பார்க்கிற ஒழுங்கு ஒண்டுதான்: முதல்ல ஓம் (ஸ்பீக்கர் குடுக்கிற தடை), மறுகா டெசிபல் (சத்தத்த அளக்கிற அலகு), கடைசியா வோட்ஸ் (பவர்). நம்மட ஆக்கள் இத தலைகீழாப் பாக்கிறதாலதான் காசும் போகுது ஸ்பீக்கரும் போகுது. மேல இருந்து வாசிச்சிட்டு வந்தா நல்லம், கீழ உள்ள பதில்கள் மேல சொன்னதப் பிடிச்சுத்தான் போகுது.

அண்ணே, அம்ப் 100 வோட்ஸ், ஸ்பீக்கரும் 100 வோட்ஸ். அப்ப சரியாப் பொருந்தும்தானே?

அத வச்சு மட்டும் ஒண்டும் சொல்ல ஏலாது. அம்ப்ல எழுதியிருக்கிற வோட்ஸ் அது எவ்வளவு குடுக்கும் எண்டது. ஸ்பீக்கர்ல எழுதியிருக்கிற வோட்ஸ் அது எரியாம எவ்வளவு தாங்கும் எண்டது. ரெண்டும் வேற வேற விஷயம், ரெண்டும் ஒரே நம்பரா இருக்கணும் எண்டு ஒரு சட்டமும் இல்ல. 40 வோட்ஸ் அம்ப்ல 150 வோட்ஸ் தாங்கிற ஸ்பீக்கர் அழகாப் பாடும். 100க்கு 100 எண்டு எடுத்த சோடி ஓம் பிழைச்சதால ஒரு பாட்டு முடியிறதுக்குள்ள சூடாகி நிக்கிறதும் நடக்கும்.

ஓம் எண்டா என்ன? 4, 6, 8 எண்டு போட்டிருக்காங்க, இதில எது தரம் கூட?

தரத்துக்கும் ஓமுக்கும் சம்பந்தம் இல்ல. அம்ப்ல இருந்து வாற கறண்டுக்கு ஸ்பீக்கர் எவ்வளவு தடை குடுக்குது எண்டதுதான் ஓம். ஓம் குறையக் குறைய ஸ்பீக்கர் கூடக் கறண்ட் இழுக்கும், அம்ப் கூடக் கஷ்டப்படும். அவ்வளவுதான்.

ஒண்டு மட்டும் தெரிஞ்சு வைங்க. 8 ஓம் எண்டு எழுதியிருந்தா எல்லாச் சத்தத்துக்கும் 8 இல்ல. அது ஒரு பேருக்குப் போடுற நம்பர், மத்தளம் அடிக்கிற இடத்தில ஒரு ஓம், புல்லாங்குழல் வாற இடத்தில இன்னொரு ஓம், ஏறி இறங்கிக்கொண்டே இரிக்கும், சில இடத்தில 30க்கு மேலயும் போகும். ஐஇசி எண்ட சர்வதேச அளவுமுறையில, எழுதின ஓம்ல 80 வீதத்துக்குக் கீழ எங்கயும் இறங்கக் கூடாது எண்டு இரிக்கு, அதாவது 8 ஓம் ஸ்பீக்கர் 6.4க்கு மேல நிக்கணும், 4 ஓம் 3.2க்கு மேல நிக்கணும். ஆனா எல்லாக் கொம்பனியும் இத மதிக்கிறதில்ல, 8 எண்டு எழுதிப்போட்டு 4க்குக் கிட்ட இறங்கிற ஸ்பீக்கர் பொக்ஸும் சந்தையில இரிக்கு. அதாலதான் அம்ப் பக்கத்தில கொஞ்சம் இடம் விட்டு வாங்கச் சொல்றது.

என்ட அம்ப்க்குப் பின்னால 8 ஓம் எண்டு இரிக்கு. 4 ஓம் ஸ்பீக்கர் கொழுவினா எரிஞ்சு போகுமா?

கன பேர் கேக்கிற கேள்வி இதுதான், அதால கொஞ்சம் விரிவாச் சொல்றன். அம்ப் எண்டது ஸ்பீக்கருக்கு வோல்ட் குடுக்கிற சாமான். அதே வோல்ட்டுக்கு ஓம் பாதியானா கறண்ட் ரெண்டு மடங்கு. 8 ஓம்ல 40 வோட்ஸ் குடுக்கிற அம்ப் ஒண்ட எடுங்க, அந்த இடத்தில கிட்டத்தட்ட 18 வோல்ட் நிக்கும், 2.2 அம்பியர் ஓடும். அதே 18 வோல்ட் 4 ஓமுக்குப் போனா 4.5 அம்பியர், 80 வோட்ஸ். இந்தக் கூடின கறண்ட ட்ரான்ஸ்போமர் குடுக்கணும், அவுட்புட் ட்ரான்சிஸ்டரோ ஐசியோ (சிப்) தாங்கணும், வாற சூட்ட ஹீட்சிங்க் வெளிய தள்ளணும். இந்த மூண்டில ஒண்டு சின்னனாப் போனாலும் அங்கதான் அடி விழும்.

சத்தம் குறைச்சுக் கேட்டா ஒண்டும் நடக்காது, அதத்தான் கன பேர் "நான் ரெண்டு வருஷமாப் போட்டுக் கேக்கிறன், ஒண்டும் ஆகல்ல" எண்டு சொல்றது. கலியாண வீடு, புதுவருஷம் எண்டு ஆக்கள் வந்து வொலியூம ஏத்திற அண்டைக்குத்தான் பிரச்சின. பின்பக்க எழுத்த வடிவாப் பாருங்க. "4 - 16 ஓம்" எண்டு இருந்தா பயமில்லாம 4 போடலாம். "6 - 16" எண்டு இருந்தா 6 வரைக்கும். "8" எண்டு மட்டும் இருந்தா 6 ஓம் போட்டு மட்டாக் கேக்கலாம், 4 ஓம் போடாதீங்க எண்டுதான் என்ட முடிவு.

மறுவளமா, 4 ஓமுக்கு செய்த அம்ப்ல 8 ஓம் ஸ்பீக்கர் போட்டா?

தாராளமாப் போடுங்க. அம்புக்கு வேலை குறைவு, சூடும் குறைவு. வோட்ஸ் கிட்டத்தட்டப் பாதியாகும், ஆனா பாதி வோட்ஸ் எண்டா பாதிச் சத்தம் இல்ல, 3 டெசிபல்தான் குறையும், காதுக்கு அது சின்ன வித்தியாசம். டியூப் அம்ப் (ட்ரான்சிஸ்டருக்குப் பதிலாக் கண்ணாடி வால்வ் போட்டது) மட்டும் வேற கணக்கு, அது கடைசியில வருது.

பழைய ஸ்பீக்கர், லேபிள் கழண்டு போச்சு. எத்தின ஓம் எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிற?

மல்ட்டிமீட்டர ஓம்ல வச்சு ரெண்டு கம்பியையும் ஸ்பீக்கர் டெர்மினல்ல தொடுங்க, அம்ப்ல இருந்து கழட்டிப்போட்டுத்தான். மீட்டர் காட்டுறது எழுதிற ஓமவிடக் குறைவா வரும், கொயில்ட (ஸ்பீக்கருக்குள்ள இரிக்கிற கம்பிச் சுருள்ட) வெறும் கம்பித் தடையத்தான் அது அளக்குது. 5.5ல இருந்து 7 வரைக்கும் காட்டினா அது 8 ஓம் ஸ்பீக்கர், 3ல இருந்து 3.5 காட்டினா 4 ஓம். 4.5 கிட்ட நிண்டா 6 ஓம் எண்டு எடுக்கலாம். ஒண்டுமே காட்டாட்டி கொயில் அறுந்திருக்கு, அல்லது உள்ளுக்கு வயர் விட்டிருக்கு. திறந்து பாக்காம வீசிப்போடாதீங்க.

ஸ்பீக்கர்ல 87 டெசிபல், 90 டெசிபல் எண்டு போட்டிருக்கே, அது எதுக்கு?

வோட்ஸ விட இதுதான் முக்கியம், ஆனா இத ஒருத்தரும் கேட்டு வாங்கிறதில்ல. ஸ்பீக்கருக்கு 1 வோட்ஸ் குடுத்து 1 மீற்றர் தள்ளி நிண்டு அளந்தா எவ்வளவு சத்தம் வருது எண்டதுதான் அது. 3 டெசிபல் கூடின ஸ்பீக்கர் அதே சத்தத்தப் பாதி வோட்ஸ்ல குடுக்கும். 87க்கும் 90க்கும் உள்ள வித்தியாசம் பாக்கச் சின்னனா இரிக்கு, ஆனா 90 உள்ள பொக்ஸுக்கு 30 வோட்ஸ் காணும் எண்டா 87க்கு 60 வேணும். அம்ப மாத்திறதுக்கு எவ்வளவு செலவு, ஸ்பீக்கரப் பாத்து எடுத்தா அந்தச் செலவே இல்ல.

டெசிபல் குறைஞ்ச ஸ்பீக்கர் கூடாத ஸ்பீக்கர் எண்டும் நினைக்காதீங்க. பீபீசி 1970களில ஒலிபரப்பு வண்டிக்குள்ள வச்சுக் கேக்கிறதுக்கெண்டு எல்எஸ்3/5ஏ எண்டு ஒரு சின்னப் பொக்ஸ் செய்தது, அது 83 டெசிபல் கிட்டத்தான், ஆனா மனிசர்ட குரல அவ்வளவு இயற்கையாத் தாற பொக்ஸ் குறைவு எண்டு இண்டைக்கும் தேடி வாங்கிறாங்க. சின்னப் பொக்ஸ்ல பேஸும் வேணும் எண்டா டெசிபல் குறையத்தான் செய்யும்.

இதில ஒரு இடம் கவனிக்கணும். சில ஸ்பீக்கர்ல "1 வோட்ஸ்" எண்டு இல்லாம "2.83 வோல்ட்" எண்டு எழுதியிருக்கும். 8 ஓமுக்கு 2.83 வோல்ட் எண்டா சரியா 1 வோட்ஸ். 4 ஓமுக்கு அது 2 வோட்ஸ். அதால 4 ஓம் பொக்ஸ்ல 2.83 வோல்ட்டுக்கு 90 எண்டு எழுதியிருந்தா மற்றதோட ஒப்பிடக்குள்ள 87 எண்டு எடுங்க.

அப்ப என்ட ஹோலுக்கு எத்தின வோட்ஸ் எடுக்கிற?

கணக்குப் போட்டே பாப்பம். நீங்க ஸ்பீக்கர்ல இருந்து 3 மீற்றர், அதாவது பத்தடி தள்ளி இருக்கிறீங்க. தூரத்தால 9.5 டெசிபல் குறையும். ரெண்டு ஸ்பீக்கர் எண்டதால 3 கூடும், சுவர்ல பட்டு வாறதால இன்னும் 3 அளவில கூடும். 86 டெசிபல் ஸ்பீக்கர் எண்டா 1 வோட்ஸ்ல உங்கட காதுக்கு 82 கிட்ட வரும். 82 எண்டதே வீட்டுக்கு நல்ல சத்தம், பக்கத்தில இருந்து கதைக்கிற ஆள் குரல உசத்தணும்.

அப்ப 1 வோட்ஸ் காணுமா? சராசரிக்குக் காணும். ஆனா பாட்டு ஒரே மட்டத்தில போறதில்ல. தவில் ஒரு அடி, பறை ஒரு அடி விழக்குள்ள சராசரியவிட 10ல இருந்து 20 டெசிபல் வரைக்கும் ஒரு கணம் எகிறும். அந்த உச்சம் 100 டெசிபல் எண்டு வச்சா 18 டெசிபல் மேல, அதுக்கு 63 வோட்ஸ். ஸ்பீக்கர் 90 டெசிபல் எண்டா அதே வேலைக்கு 25 வோட்ஸ். 83 எண்டா 126 வோட்ஸ். நம்மட வீட்டு ஹோலுகளுக்கு உண்மையான 30ல இருந்து 60 வோட்ஸ் உள்ள அம்பும் 88க்குக் குறையாத ஸ்பீக்கரும் எடுத்தா மிச்சம் சந்தோசமாக் கேக்கலாம். ஹோலுக்குச் சேர்ந்தாப்போல திறந்த விறாந்தை இருந்தா கொஞ்சம் கூட எடுங்க.

கடையில 3000 வோட்ஸ் எண்டு ஸ்டிக்கர் ஒட்டின செட் இருபதாயிரத்துக்குக் குடுக்கிறாங்க, அப்ப 60 வோட்ஸ் அம்புக்கு ஏன் இவ்வளவு காசு?

அந்த 3000 பிஎம்பிஓ, ஒரு கணத்து உச்சம் எண்டு விளம்பரத்துக்குப் போடுற நம்பர். அதுக்கு ஒரு ஒழுங்கான அளவுமுறையே இல்ல, விக்கிற ஆள் விரும்பினதப் போடலாம். நீங்க கேக்க வேண்டியது ஆர்எம்எஸ் (தொடர்ந்து குடுக்கிற வோட்ஸ்) எத்தின, எத்தின ஓமுக்கு, எத்தின வீதம் டிஸ்டோர்ஷன்ல (ஒலி சிதையிற அளவு) எண்டு. 10 வீதம் டிஸ்டோர்ஷன்ல அளந்த 50 வோட்ஸும் 0.1 வீதத்தில அளந்த 50 வோட்ஸும் ஒண்டில்ல. அமெரிக்காவில இந்த விளம்பர நம்பர்கள் எல்லை மீறிப் போனதாலதான் 1974ல வீட்டு அம்ப் பவர எப்பிடி அளந்து எழுதணும் எண்டு சட்டமே கொண்டு வந்தாங்க.

லேசான வழி ஒண்டு, செட்டத் திருப்பிப் பின்னால எவ்வளவு கறண்ட் எடுக்கும் எண்டு பாருங்க. 60 வோட்ஸ் எடுக்கிற செட் 3000 வோட்ஸ் வெளிய குடுக்காது. உள்ளுக்குப் போறதவிட வெளிய வாறது கூட இருக்க ஏலாது. சில கொம்பனி அந்த இடத்தில உச்சத்த எழுதாமச் சாதாரண பாவனைய எழுதிறதும் உண்டு, எண்டாலும் வித்தியாசம் ஐம்பது மடங்கு வராது.

சின்ன அம்ப், பெரிய ஸ்பீக்கர். ஒண்டும் ஆகாது எண்டு நினைச்சன், ஆனா ட்வீட்டர் (மேல் சுரம் பாடுற சின்ன ஸ்பீக்கர்) ரெண்டும் போயிட்டு. எப்பிடி?

இது கன வீட்டில நடக்குது, ஆக்கள் நம்பவும் மாட்டாங்க. 30 வோட்ஸ் அம்ப்ல 100 வோட்ஸ் சத்தம் கேட்டா அம்ப் தன்ட வோல்ட் முடியிற இடத்தில ஒலி அலைட தலைய வெட்டிப் போடும். அதத்தான் கிளிப்பிங் எண்டு சொல்றது. முழுக்க வெட்டுப்பட்டா அந்த 30 வோட்ஸ் அம்ப் 60 வோட்ஸ் வரைக்கும் வெளிய தள்ளும். வெட்டின அலையில, பாட்டில இல்லாத மேல் சுரங்களும் புதுசா உண்டாகி நேர ட்வீட்டருக்குப் போகும். பொக்ஸ் 100 வோட்ஸ் தாங்கும் எண்டு எழுதியிருந்தாலும் அதுக்குள்ள இரிக்கிற ட்வீட்டர் தனிய அஞ்சு பத்து வோட்ஸுக்கு மேல தொடர்ந்து தாங்காது, பாட்டில மேல் சுரத்துக்குப் பங்கு குறைவு எண்டு நம்பித்தான் அத அப்பிடிச் செய்திருக்கு.

சத்தம் கரகரக்கத் தொடங்கினா, பாடுறவர்ட "ச", "ஷ" எல்லாம் கிழியிற மாதிரி வந்தா உடனே குறைங்க. பேஸ் நொப்பையும் ட்ரெபிள் நொப்பையும் கடைசி மட்டும் திருப்பி வச்சுக் கேக்கிற பழக்கம் நம்மட பக்கம் கூட. பேஸ 10 டெசிபல் ஏத்தினா அந்த இடத்துக்கு அம்ப் பத்து மடங்கு வோட்ஸ் குடுக்கணும், கிளிப்பிங்குக்கு அது நேர் வழி.

அப்ப ஸ்பீக்கர விடப் பெரிய அம்ப் எடுக்கிறதா நல்லம்?

பாட்டுக் கேக்கிற ஆள் நிதானமான ஆள் எண்டா அதுதான் நல்லம். ஸ்பீக்கர் தாங்கிறதவிட ஒண்டரை மடங்கு வரைக்கும் குடுக்கக்கூடிய அம்ப், கிளிப் ஆகாம உச்சங்களச் சுத்தமாத் தாண்டிப் போகும். ஆனா வீட்டில பொடியன்மார் இரிக்காங்க, வொலியூம யார் எங்க வைப்பாங்க எண்டு தெரியாது எண்டா ரெண்டையும் கிட்டக் கிட்ட எடுங்க. பெரிய அம்ப்ல வூஃபர் (பேஸ் பாடுற பெரிய ஸ்பீக்கர்) கொயில் எரியும், சின்ன அம்ப்ல ட்வீட்டர் எரியும். காதால கேட்டு நிப்பாட்டத் தெரியணும், எந்த நம்பரும் அதுக்கு ஈடாகாது.

வொலியூம் பாதிதான் வச்சனான், அதுக்குள்ள எப்பிடி அம்ப் முடிஞ்சு போகும்?

வொலியூம் நொப் வோட்ஸ் காட்டுற மீட்டர் இல்ல. சீடி பிளேயர்ல இருந்து 2 வோல்ட் வரும். கன அம்புகளுக்கு 0.2 வோல்ட் கிட்ட உள்ளுக்கு வந்தாலே முழு வோட்ஸும் வெளிய வரும். அப்ப சீடிக்கு நொப் பாதிக்குக் கிட்ட வரக்குள்ளயே அம்ப் தன்ட எல்லைக்குப் போயிரும். ஃபோன்ல இருந்து வாறது அதவிடக் குறைவு, அதால அதே அம்ப்ல நொப் மேல போகுது.

ஒரு பக்கத்துக்கு ரெண்டு பொக்ஸ் வீதம் நாலு பொக்ஸ் கொழுவலாமா? ஏ, பி எண்டு ரெண்டு செட் டெர்மினல் இரிக்கு.

ஏ, பி ரெண்டையும் சேர்த்துப் போட்டா கன அம்புகளில ரெண்டு பொக்ஸும் சமாந்தரமாப் போகும். 8உம் 8உம் சேர்ந்தா 4. 6உம் 6உம் 3. 4உம் 4உம் 2, அது மேல 4 ஓம் கேள்வியில சொன்னதவிட மோசம். பின்னால "ஏ அல்லது பி: 4 ஓம், ஏ கூட்டல் பி: 8 ஓம்" எண்டு எழுதியிருந்தா அர்த்தம் இதுதான், ரெண்டையும் போடுறதெண்டா ஒவ்வொரு பொக்ஸும் 8 ஓமாவது இருக்கணும்.

தொடரா, ஒண்டுக்குப் பின்னால ஒண்டாக் கொழுவினா 8உம் 8உம் 16, அம்புக்குப் பயமில்ல. ஆனா ரெண்டும் ஒரே மொடல் எண்டாத்தான் அப்பிடிச் செய்யணும், வேற வேற பொக்ஸ் எண்டா ஒண்டுட ஓம் ஏறி இறங்கிறது மற்றதுட சத்தத்தக் குழப்பும். நாலு பொக்ஸ் சேர்த்தா நாலு மடங்கு நல்லாக் கேக்கும் எண்டு நினைக்காதீங்க. நல்ல ரெண்டு பொக்ஸுக்குப் பாடுறவர் நடுவில நிக்கிற மாதிரி இரிக்கும், நாலா வச்சா அந்த இடம் கலைஞ்சு போயிரும்.

ஜப்பான் செட் ஒண்டு மலிவா வந்திரிக்கு. நம்மட கறண்டுக்குச் சரிவருமா?

முதல்ல பின்பக்கம் பாருங்க. ஜப்பானுக்கெண்டு செய்தது 100 வோல்ட். நம்மட கறண்ட் 230. நேராக் குத்தினா அந்த நிமிசமே பியூஸ் போகும், அல்லது ட்ரான்ஸ்போமர் புகையும். 230 - 100 ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்போமர் வேணும், அம்ப் எடுக்கிற வோட்ஸவிட ஒண்டரை மடங்காவது பெரிசா. சின்ன ட்ரான்ஸ்போமர் போட்டா பேஸ் அடிக்கக்குள்ள வோல்ட் இறங்கும், அம்ப் நோஞ்சானாக் கேக்கும், குத்தம் அம்ப்ல எண்டு நினைப்பீங்க. இந்த ட்ரான்ஸ்போமர்ட விலையையும் சேர்த்துத்தான் செட் மலிவா எண்டு பாக்கணும்.

கறண்ட்ட ஹேர்ட்ஸும் (செக்கனுக்கு எத்தின அலை எண்டது) பாருங்க. ஜப்பான்ல கிழக்குப் பக்கம் 50, மேற்குப் பக்கம் 60. அம்ப்ல 50/60 எண்டு இருந்தாப் பிரச்சின இல்ல. மோட்டர் உள்ள பழைய ரெக்கோட் பிளேயர் 60க்கு மட்டும் எண்டா நம்மட 50ல பாட்டு மெதுவாப் போகும்.

மறுகா ஓம். மினி செட்டோட வாற பொக்ஸ் கனக்க 6 ஓம் அல்லது 4 ஓம், அந்தப் பொக்ஸ மட்டும் எடுத்து வேற அம்ப்ல போடுற எண்டா மேல சொன்ன கணக்குத்தான்.

பின்னேரத்தில கறண்ட் டவுன் ஆகுது, 200 வோல்ட்தான் வருது. அதால சத்தம் குறையுமா?

சாதாரண ட்ரான்ஸ்போமர் உள்ள அம்ப் எண்டா உச்ச வோட்ஸ் கால்வாசி குறையும். டெசிபல் கணக்கில 1.2 தான், காதுக்குத் தெரியாது. இதுக்கெண்டு ஸ்டெபிலைசர் வாங்கத் தேவல்ல. இடி மின்னல் நேரம் பிளக்கக் கழட்டி வைங்க, அது அதவிடப் பெரிய காவல்.

சின்ன போர்ட் அம்ப் ஒண்டு, டிபிஏ 3116 எண்ட ஐசி போட்டது. 2 தர 50 வோட்ஸ் எண்டாங்க. 12 வோல்ட் அடப்டர் இரிக்கு, 8 ஓம் பொக்ஸ் இரிக்கு. காணுமா?

அந்த 50 வோட்ஸ் 21 வோல்ட்டுக்கு, 4 ஓமுக்கு, 10 வீதம் டிஸ்டோர்ஷன்ல. உங்கட 12 வோல்ட்ல 8 ஓமுக்கு 9 வோட்ஸ் அளவில வரும். ஐசி நல்ல ஐசி, சூடும் ஆகாது, காசுக்கு இதவிட நல்ல சாமான் குறைவு. 24 வோல்ட் 4 அம்பியர் கிட்ட ஒரு அடப்டர் போட்டா 8 ஓம்ல 30 வோட்ஸ் வரைக்கும் எடுக்கலாம். 26 வோல்ட்டுக்கு மேல ஏத்தாதீங்க.

இந்த வகை அம்ப்ல ஸ்பீக்கர்ட கறுப்பு வயரும் சும்மா கிரவுண்ட் இல்ல, அதிலயும் சிக்னல் ஓடுது. ரெண்டு பக்கத்துக் கறுப்பையும் ஒண்டாச் சேர்க்கிறது, செசில (உலோகச் சட்டத்தில) முட்ட வைக்கிறது, ரெண்டும் கூடாது. கார் செட்டுகளும் இப்பிடித்தான், கார் செட்ட வீட்டில வச்சு நாலு வயர மூண்டு வயராக் குறைச்சுக் கொழுவினா ஐசி போயிரும்.

கோயில் சடங்குக்குக் கட்டுற ஹோர்ன் ஒண்டு வீட்டில இரிக்கு, அத அம்ப்ல போடலாமா?

ஹோர்ன் குரல தூரத்துக்கு அனுப்பச் செய்தது. வைகாசிச் சடங்கு நேரம் ஊர் முழுக்கக் கேக்கணும் எண்டா அதுதான் சரி, வீட்டுக்குள்ள பாட்டுக்கு அதில பேஸும் இல்ல, மென்மையும் இல்ல. கன ஹோர்ன்ல 100 வோல்ட் லைன் ட்ரான்ஸ்போமர் இரிக்கும், அது அதுக்குரிய பிஏ (பொது இடத்து ஒலிபெருக்கி) அம்புக்குத்தான், வீட்டு அம்ப்ல போட்டா சத்தமே சரியா வராது. ட்ரான்ஸ்போமர் இல்லாம 16 ஓம் எண்டு எழுதின ஹோர்ன் எண்டா அம்புக்குக் கெடுதி இல்ல, அவ்வளவுதான்.

ஹோம் தியேட்டர் செட் பழுதாப் போச்சு, அஞ்சு பொக்ஸும் நல்லா இரிக்கு. ஸ்டீரியோ அம்ப்ல போடலாமா?

பின்னால பாருங்க, கனக்க 3 ஓம் எண்டு இரிக்கும். சாதாரண ஸ்டீரியோ அம்புக்கு அது கூடாது. அந்தச் சின்னப் பொக்ஸுகளுக்கு பேஸும் இல்ல, சப்வூஃபர் எண்ட தனி பேஸ் பொக்ஸ நம்பித்தான் செய்தது. விட்டிருங்க.

ஸ்பீக்கர் வயர் எது போடுற? மீற்றர் ஆயிரக்கணக்கில விக்கிற வயர் தேவையா?

தேவல்ல. செம்புக் கம்பி, தடிப்புக் காணணும், அவ்வளவுதான். வயர்ட தடை ஸ்பீக்கர் ஓம்ல 5 வீதத்துக்குள்ள நிண்டாச் சரி. 1.5 ஸ்கொயர் மில்லிமீற்றர் வயர் 10 மீற்றர் தூரம் போய் வந்தா 0.23 ஓம். 8 ஓமுக்கு அது 3 வீதம், நல்லம். 4 ஓமுக்கு 6 வீதம் கிட்ட, அதுக்கு 2.5 போடுங்க. வீட்டு வயரிங்குக்கு 7/0.67 எண்டு வாங்கிற வயரே 2.5தான், கொஞ்சம் விறைப்பு, ஆனா சுவரோரமா அடிக்கிறதெண்டா அதுவே காணும். மணிக்குப் போடுற நூல் மாதிரி 0.5 வயர் எண்டா அதே தூரத்துக்கு 0.7 ஓம் தின்னும், பேஸ் தளர்ந்து போகும்.

அம்ப் பேப்பர்ல டேம்பிங் ஃபெக்டர் 200 எண்டு பெருமையா எழுதியிருப்பாங்க. வூஃபர அடிச்ச இடத்தில நிப்பாட்டிற பிடி அது. அந்த 200, மேல சொன்ன 0.23 ஓம் வயர் போட்டாலே 30க்கு இறங்கிரும். 30உம் காணும். அதால 200ஆ 500ஆ எண்டு பாத்து அம்ப் எடுக்காதீங்க.

பொக்ஸ்ல ட்வீட்டர் ஒண்டு மேலதிகமா வைக்கப் போறன், நேராக் கொழுவலாமா?

கொழுவவே கூடாது. பேஸ் போய் எரிஞ்சிரும், ஓமும் பாதியாகும். கப்பாசிட்டர் ஒண்டு தொடராப் போடணும், போலாரிட்டி (பிளஸ், மைனஸ்) இல்லாத வகை. 8 ஓம் ட்வீட்டருக்கு 4.7 மைக்ரோஃபராட் எண்டா 4200 ஹேர்ட்ஸ் கிட்ட இருந்து கீழ உள்ள சுரங்கள வெட்டும், 3.3 எண்டா 6000. ட்வீட்டர் 4 ஓம் எண்டா அதே 4.7க்கு 8500 கிட்டப் போயிரும், அதால ட்வீட்டர் ஓமப் பாக்காம கடைக்காரர் குடுத்த கப்பாசிட்டரப் போடாதீங்க.

கல்லடியில கடலுக்குக் கிட்ட வீடு. வாங்கி ரெண்டு வருஷம் போகக்குள்ள சத்தம் ஒரு பக்கம் வருது ஒரு பக்கம் வருதில்ல. அம்ப் பழுதா?

அம்பக் கழட்டுறதுக்கு முந்தி வயர் முனையப் பாருங்க. உப்புக் காத்துக்குச் செம்பு பச்சையாப் பூத்துப்போகும், டெர்மினலும் கறுக்கும், தொடுப்பு விட்டு விட்டு வரும். பழைய முனைய வெட்டிப்போட்டுப் புதுசா உரிச்சு, ஈயம் வச்சு, இறுக்கமாக் கொழுவுங்க. மழை காலம் முடிஞ்சு தைக்குப் பிறகு ஒருக்கா எல்லாத் தொடுப்பையும் இப்பிடிப் பாத்தா நல்லம். ஸ்பீக்கர் கோன்ட (முன்னால அசையிற கூம்புட) விளிம்பு ஃபோம் எண்டா நம்மட ஈரக் காத்துக்கு உதிர்ந்து போகும், வாங்கக்குள்ளயே ரப்பர் விளிம்பு பாத்து எடுங்க.

பழைய அம்பும் ஸ்பீக்கரும் பாக்கப் போறன். அங்க நிண்டு என்ன பாக்கிற?

மல்ட்டிமீட்டர் கொண்டு போங்க. ஸ்பீக்கர் கொழுவாம அம்பப் போட்டு, வொலியூம் சைபர்ல வச்சு, ஸ்பீக்கர் டெர்மினல்ல டிசி வோல்ட் அளங்க. 50 மில்லிவோல்ட்டுக்குள்ள நிக்கணும். வோல்ட் கணக்கில காட்டினா அந்த அம்ப் உங்கட வூஃபர எரிக்கும், வேணாம். வொலியூமத் திருப்பக்குள்ள கரகரத்தா அது துப்புரவு பண்ணிற விஷயம், விலையக் குறைக்கலாம்.

ஸ்பீக்கர்ல விளிம்பப் பாருங்க, ரெண்டு கையாலயும் கோன மெதுவா உள்ளுக்கு அமத்திப் பாருங்க, உராயிற சத்தம் வந்தா கொயில் சூட்டில வீங்கியிருக்கு. மறுகா உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச பாட்டொண்டப் போட்டு ஒவ்வொரு பக்கமாத் தனியக் கேளுங்க. டைல்ஸ் போட்ட வெறும் கடைக்குள்ள எல்லாப் பொக்ஸும் கூரா எதிரொலிச்சுத்தான் கேக்கும், வீட்டில பாய், கேர்ட்டின், கதிரை இருக்கக்குள்ள மென்மையாகும், அத மனசில வச்சு முடிவெடுங்க.

ஓம், டெசிபல், வயர், எல்லாம் நீங்க சொன்ன மாதிரித்தான் எடுத்தன். ஆனா பேஸ் இல்ல, பாடுற ஆள் எங்க நிக்கிறார் எண்டும் தெரியல்ல.

ஒரு பக்கம் சிவப்பும் கறுப்பும் மாறியிருக்கு. ஒரு கோன் முன்னுக்கு வரக்குள்ள மற்றது பின்னுக்குப் போகுது, பேஸ் ஒண்ட ஒண்டு தின்னுது. ஒரு பக்கத்து வயர மட்டும் மாத்திக் கொழுவிக் கேளுங்க. டெர்மினல்ல நிறம் அழிஞ்சு போயிருந்தா அம்ப்ல இருந்து கழட்டிப்போட்டு 1.5 வோல்ட் பற்றியால ஒரு கணம் தொடுங்க, வூஃபர் கோன் வெளிய வந்தா பற்றிட பிளஸ் தொட்ட பக்கம்தான் சிவப்பு.

இதுவும் சரியெண்டா பொக்ஸ சுவருக்குக் கொஞ்சம் கிட்டத் தள்ளுங்க. சுவரும் மூலையும் பேஸக் கூட்டும். மூலைக்குள்ள ஒரேயடியாச் செருகினா உறுமத் தொடங்கும், அரையடி அரையடியா நகர்த்தித்தான் கண்டுபிடிக்கணும்.

டியூப் அம்ப் ஒண்டு கிடைச்சிரிக்கு, 4, 8, 16 எண்டு மூண்டு டெர்மினல். எதில போடுற?

ஸ்பீக்கர்ல எழுதியிருக்கிற ஓமுக்குரியதில போடுங்க. டியூப் அம்ப்ல ஸ்பீக்கருக்கு முந்தி ஒரு அவுட்புட் ட்ரான்ஸ்போமர் இரிக்கு, அது ஸ்பீக்கர்ட ஓம டியூபுக்கு ஏத்த மாதிரி மாத்திக் குடுக்குது, அதால 8 ஓம் பொக்ஸ 4 எண்ட இடத்தில போட்டா வோட்ஸும் குறையும், டிஸ்டோர்ஷனும் மாறும். 6 ஓம் எண்டா 4லயும் 8லயும் போட்டுக் கேட்டு நல்லாக் கேக்கிறதில வைங்க. வோட்ஸ் குறைவா இரிக்கிறதால 90 டெசிபலுக்கு மேல உள்ள ஸ்பீக்கர் தேடுங்க.

மேல "கூட ஓம் போட்டா பயமில்ல" எண்டு சொன்னது டியூபுக்குப் பொருந்தாது. ட்ரான்சிஸ்டர் அம்ப ஸ்பீக்கர் இல்லாமப் போட்டு வைக்கலாம், டியூப் அம்ப அப்பிடிப் போட்டுப் பாட்டு விட்டா அவுட்புட் ட்ரான்ஸ்போமர்ல வோல்ட் எகிறி உள்ளுக்கு ஷோர்ட் ஆகிரும். முதல்ல ஸ்பீக்கர், மறுகா சுவிட்ச். உள்ளுக்கு 300, 400 வோல்ட் நிக்கும், ஓஃப் பண்ணின பிறகும் கப்பாசிட்டர்ல இரிக்கும், மூடியக் கழட்டுறதெண்டா டியூப் தெரிஞ்ச ஆளிட்டக் குடுங்க.